பூட்டுக்காரரின் பூங்கா

பிரெஞ்சு இந்தியா முழுவதிலும், பாரிஸையும் சேர்த்தே சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பூங்காவைப் போலச் சுத்தமான பூங்கா ஒன்று இருந்திருக்க முடியாது. புல்லில் ஒரு காலடி கிடையாது. பெஞ்சில் ஒரு கீறல் கிடையாது. செம்பருத்திச் செடியில் பூத்த பூ அத்தனையும் செடியிலேயே வாடின. காரணம் எளிது. எட்டு வருடமாக அதற்குள் அவர் யாரையும் விடவில்லை.

அவர் என்றால் பூட்டுக்காரர். அந்தப் பூங்காவுக்குக் காவலாளியும் அவரே, தோட்டக்காரரும் அவரே. சொந்தப் பெயர் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான் அந்த ஊர்த் தர்ம ஆஸ்பத்திரியில் அம்மை குத்தும் வேலையில் இருந்தவள். என் பதிவேட்டில் பெயரில்லாத மனிதர் இருக்கக் கூடாது. அவருக்கு அம்மை குத்திய அன்று பெயரைக் கேட்டேன்.

"பூட்டுக்காரர்னு எழுதிக்கோ. எல்லாருக்கும் தெரியும்."

"அப்பா பெயர்?"

"அவரு பூட்டுக்காரர் இல்ல."

அதற்கு மேல் கேட்க என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் போகிற பாதையில் இருந்தது எங்கள் ஊர். மேரி என்று எல்லாரும் சொல்லும் ஊர்மன்ற அலுவலகத்துக்குப் பின்னால் பூங்கா. எந்தக் காலத்திலோ ஊர்மன்றத் தலைவராக இருந்த ஒரு மேர், புதுச்சேரிக் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், நமக்கும் ஒன்று வேண்டும் என்று கட்டி வைத்தது. உள்ளே இருந்தவற்றை நான் ஒருமுறை எழுதி வைத்தேன்: பச்சை வண்ணம் அடித்த மரபெஞ்சு எட்டு, பாண்டு வாசிக்கச் சிமெண்டு மேடை ஒன்று, இரும்புக் குண்டு எறிந்து ஆடும் ஆட்டத்துக்கு மண்தளம் ஒன்று, சங்கிலி ஊஞ்சல் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, சுற்றிலும் மருதாணி வேலி, நடுவில் பூட்டுக்காரர்.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தின் ஆயுதக் கிடங்குக்குப் பதினைந்து வருடம் காவல் இருந்தவர் அவர். ஊர் திரும்பியதும் பூங்காவைக் கையில் கொடுத்தார்கள். அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் ஊதல். மாலை நான்கிலிருந்து ஆறு வரை பூங்கா திறந்திருக்க வேண்டும் என்பது மேரியின் விதி. திறப்பார். திறந்துவிட்டு வாசலில் குறுக்கே நிற்பார்.

"இன்னாத்துக்கு வந்த?"

"சும்மா உள்ள குந்தலாம்னு."

"ஏன், வூட்ல குந்த எடமில்லியா?"

நடக்க வந்தேன் என்று சொன்னவர்களுக்கு, "ரோடு கீதே, எம்மாந்தூரம் வேணா நட" என்பார். பூவைப் பார்க்க என்றவர்களுக்கு, "இங்கேர்ந்தே தெரியுதே, கண்ணு கெட்டுப் போச்சா?" பதிலுக்கு வாயைத் திறந்தால் ஊதலை எடுத்துக் காதருகில் ஓர் ஊது. ஊர் முழுக்க அந்த ஊதல் சத்தத்துக்குப் பழகிப் போயிருந்தது. அது கேட்டால் மாடுகூடத் திரும்பி நடக்கும்.

சர்க்கார் ஊழியை என்பதால் என்னைத் தடுக்க அவருக்கு விதி இல்லை. முதல்நாள் விறைப்பாகச் சலாம் வைத்து உள்ளே விட்டார். பிறகு மூன்றடி இடைவெளியில் பின்னாலேயே வந்தார். நான் ஒரு பெஞ்சில் உட்காரப் போனபோது ஊதல் பறந்தது.

"மத்மசேல்! வர்ணம் அடிச்சிருக்கு!"

மணமாகாத பெண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கிறபடிதான் என்னை அழைப்பார்.

"எப்போது அடித்தது?"

"போன வருசம்."

"இந்நேரம் காய்ந்திருக்குமே."

"காஞ்சிருக்கும். நீ குந்துனா தேஞ்சிருமே!"

நான் நின்றுகொண்டே காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

ஊஞ்சலுக்கு அவர் செய்த சேவை தனிக் கதை. தினமும் காலையில் சங்கிலிக் கண் ஒவ்வொன்றுக்கும் தேங்காயெண்ணெய் விடுவார். பிறகு வெறும் பலகையைச் சரியாக இருபது முறை தள்ளிவிடுவார். "சும்மா கெடந்தா அதுக்குக் கை காலு புடிச்சிக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு. யாரையாவது உட்கார வைத்துத் தள்ளலாமே என்றேன். பெற்ற குழந்தையின் முகத்தில் கரியைப் பூசச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

அவரைப் போலவே பட்டாளத்திலிருந்து திரும்பிய இரண்டு பேர் ஒருநாள் இரும்புக் குண்டு ஆட வந்தார்கள். அவர்கள் பதவியில் இவரைவிட ஒருபடி மேல், தடுக்க முடியவில்லை. முதல் குண்டு விழுந்ததும் மண்ணில் ஒரு பள்ளம் விழுந்தது. பூட்டுக்காரர் ஓடிப்போய்ப் பள்ளத்தை மூடி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். இரண்டாவது குண்டுக்கும் அப்படியே. மூன்றாவது குண்டை அவர்கள் எறிந்தபோது, கீழே விழுவதற்குள் பிடிக்கப் பாய்ந்தார். வலது கைக் கட்டை விரலுக்கு நான் நான்கு நாள் கட்டுப் போட்டேன். ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

ஊரில் அவருக்கு நேர் எதிரி குப்பம்மாள். கீழத்தெருவில் மூன்று காணி நெல் பயிரிடும் குடும்பத்துத் தலைவி. குரல் ஏரிக்கரை வரை கேட்கும். அறுப்பு முடிந்தால் அந்த அம்மாளின் கண் முழுக்கப் பாண்டு மேடையின் மேல்தான். ஊரிலேயே அவ்வளவு வழவழப்பான சிமெண்டுத் தளம் வேறு கிடையாது.

"ரெண்டு மூட்ட நெல்லு, ரெண்டு வெயிலு. காயவெச்சிட்டு வாரிகினு போயிர்றன். உன் மேட கரைஞ்சா பூடும்?"

"அது பாட்டு வாசிக்கிற மேட!"

"வருசத்துல எத்தினி நாளு வாசிக்கிறான்?"

"ஒரு நாளு."

"மிச்ச நாளு நெல்லு வாசிக்கட்டுமேய்யா!"

ஊதல். குப்பம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டு போவாள். அடுத்த வருடம் இதே பேச்சு, இதே ஊதல்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சர்க்கார் கடிதம் வந்தது. பூட்டுக்காரருக்குப் பிரெஞ்சில் கட்டளைகள் எல்லாம் தெரியும்; எழுத்துத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவார். பூங்காவை மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டால் அது இருக்கும். ஒருவரும் இல்லையென்றால், வேலியைப் பிடுங்கிவிட்டுக் கரும்பு வண்டிகள் நிற்கும் பேட்டையாக்கி விடுவார்கள்.

"வண்டின்னா மாடும் வருமா?"

"மாடு இல்லாமல் வண்டி எப்படி வரும்?"

"மாடு புல்லத் திங்குமே."

"தின்னும்."

நோயாளிகள் உட்காரும் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"எத்தினி பேரு வந்தாப் போதுமாம்?"

"எண்ணிக்கை போடவில்லை. ஜனங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது."

"ஜனம்" என்றார், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. பிறகு, "எட்டு வருசமா நானே தொரத்திட்டேனே, மத்மசேல். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு வா வான்னு கூப்புடுவேன்?" என்றார். மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது.

வீடு வீடாகப் போய் நல்லபடியாகச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நல்லபடியாகப் பேசுவது தனக்குப் பழக்கமில்லை என்றும், எதையும் சர்க்கார் முறைப்படி செய்வதே சரி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை ஊரில் தமுக்கு முழங்கியது. தமுக்கடித்தவர், பூட்டுக்காரர் சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் கத்தினார்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! நாளைக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு ஆணு, பொண்ணு, கொழந்த குட்டி அத்தினி பேரும் மேரித் தோட்டத்துக்கு வரணும்! வந்தவங்க சந்தோசமா இருக்கணும்! சந்தோசமா இல்லாதவங்க மேல நடவடிக்க எடுக்கப்படும்!"

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமுக்கடித்து, குழந்தைகுட்டியோடு ஒரே இடத்துக்கு வரச் சொன்னால், அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: அம்மை குத்தப் போகிறார்கள். தமுக்கு ஓய்வதற்குள் பாதி ஊர் கரும்புக் கொல்லைக்குள் போய் ஒளியும். என் வேலையில் பாதி கொல்லைக்குள் தேடுவதுதான். இந்தத் தடவை வாசகம் கொஞ்சம் புதிதாக இருந்ததால் ஜனங்கள் குழம்பினார்கள். ஞாயிறு மாலை, எதற்கும் எட்ட நின்று பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்று வேலி ஓரம் வரை வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் உள்ளே பார்த்தபோது பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். பூட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், முதல் ஜனமாக. பூரணாங்குப்பத்தில் ஒரு கைக்குழந்தைக்கு அம்மை குத்திவிட்டு நேரே வந்திருந்தேன். மடியில் என் தகரப் பெட்டி.

"பார்த்தியாடி! நான் இன்னா சொன்னேன்?" வேலிக்கு அப்பால் குப்பம்மாளின் குரல். "ஊசிக்காரம்மா பெட்டியோட குந்திகினு கீது! சந்தோசமாம், சந்தோசம்!"

அதோடு காரியம் கெட்டது. ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. அம்மை குத்த வரவில்லை என்று புரியவைக்க, நான் எழுந்து பெட்டியைத் திறந்து காட்டினேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. கத்தியை எடுத்துவிட்டாள் என்று நாலு பேர் அலறினார்கள். பூட்டுக்காரர் பதறிப்போய், போகாதீங்க, நில்லுங்க என்று சொல்ல வாசலுக்கு ஓடினார். ஆனால் அவசரத்தில் அவர் கைக்குப் பழக்கம் ஒன்றுதான். ஊதலை எடுத்து முழு மூச்சையும் கொடுத்து ஊதினார்.

எட்டு வருடப் பழக்கம் ஜனங்களுக்கும் இருந்தது. ஒரே ஓட்டம்.

அந்தத் தூசி அடங்குவதற்குள் அதிகாரியின் மோட்டார் வந்து நின்றது. வெள்ளை உடுப்பு, வட்டத் தொப்பி, கையில் நோட்டு. மொழிபெயர்க்க மேரியின் குமாஸ்தா. துரை பெஞ்சுகளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"ஜனங்கள் எங்கேன்னு கேக்குறாரு" என்றார் குமாஸ்தா.

நான் இருந்தேன். ஆனால் என்னைச் சர்க்கார் ஊழியை என்று குமாஸ்தா ஏற்கெனவே அறிமுகப்படுத்திவிட்டார், கணக்கில் சேரவில்லை. துரை பென்சிலை எடுத்தார்.

பூட்டுக்காரர் விறைப்பாக நின்றிருந்தார். பென்சிலைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து ஊதலையும் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தார். புல்லின் குறுக்கே, ஆமாம், புல்லின் மேலேயே, நடந்து போனார். ஊஞ்சல் பலகையைக் கையால் ஒருமுறை துடைத்தார். திரும்பி அதில் உட்கார்ந்தார்.

"இதோ நான் கீறேனே துரை" என்றார். "நானும் ஜனந்தானே."

காலை உந்தினார். எட்டு வருடம் எண்ணெய் குடித்த சங்கிலி ஒரு முனகல்கூட இல்லாமல் போயிற்று. மீசையும் காக்கியும் முன்னால் போய்ப் பின்னால் வந்தன. முகத்தில் ஓர் அசைவில்லை. முன்னால் போகும்போதெல்லாம் துரைக்கு ஒரு சலாம். பின்னால் வந்ததும் கையை இறக்குவார். மறுபடி முன்னால், மறுபடி சலாம்.

மருதாணி வேலி குலுங்கியது. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"அடியே, ஓடியாங்கடி!" குப்பம்மாள் மூச்சுத் திணறச் சிரித்தாள். "பூட்டு ஆடுதுடி!"

ஒரு சிரிப்பு, பத்துச் சிரிப்பு, அப்புறம் எண்ண முடியவில்லை. வாசல் போதாமல் வேலியைப் பிளந்துகொண்டு வந்தார்கள். குழந்தைகள் புல்லில் புரண்டன. பெண்கள் எட்டு பெஞ்சையும் நிரப்பினார்கள். இரும்புக் குண்டுக்காரர்கள் இருவரும் வீட்டுக்கு ஓடிப்போய்க் குண்டுகளோடு வந்தார்கள். என் பெட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. துரை, பக்கத்தில் நின்ற குப்பம்மாளைக் காட்டி, இந்தப் பூங்காவைப் பற்றி இந்த அம்மாள் என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னார்.

"நல்லாத்தான் கீது" என்றாள் குப்பம்மாள். "இந்த ஆளத்தான் பாவம், எட்டு வருசமா உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்க."

குமாஸ்தா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டு நோட்டில் நீளமாக எழுதினார். மோட்டார் கிளம்பும்போது குமாஸ்தா என் பக்கம் குனிந்து, "வண்டிப் பேட்டைய வேற எடத்துல பார்க்கச் சொல்லிட்டாரு" என்றார்.

செய்தியைச் சொல்ல ஊஞ்சலடிக்குப் போனேன். தோட்டம் தப்பியது என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். ஊஞ்சலை நிறுத்தவில்லை. பெஞ்சில் யாரோ காலைத் தூக்கி வைத்திருந்தார்கள், பார்க்கவில்லை. செம்பருத்தியை யாரோ பறித்தார்கள், பார்க்கவில்லை. வெளிச்சம் மங்கி, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சாவிக்கொத்தை நீட்டினேன்.

"ஐயா, மணி ஆறரை. பூட்ட வேண்டாமா?"

"பூட்டலாம், பூட்டலாம்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "காலு ஓஞ்சிபோச்சு, மத்மசேல். பின்னால நின்னு ஒரு தள்ளு தள்ளேன்."

தள்ளினேன். இருபது வரைக்கும் எண்ணிக்கொண்டே தள்ளினேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.