மூன்று கதையும் ஒரு பெண்வீட்டு விசாரிப்பும்

மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும் என்று முதன்முதலில் சொன்ன மனிதர் யாரென்று தெரிந்தால், இந்த வயதிலும் அவரோடு சண்டைக்குப் போகத் தயாராக இருக்கிறேன். என்னைப் பற்றி மூன்று பேரிடம் விசாரித்தார்கள். மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கல்யாணம் நின்றுபோனது.

தொண்ணூறுகளின் நடுவில் கல்லிடைக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் நெல் மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலை எனக்கு. படித்தது எட்டாவது. ஆனால் மிதப்புக்குக் குறைவில்லை. மாத நாவலுக்கு ஒரு துப்பறியும் கதை, பெண்கள் பத்திரிகைக்கு ஒரு குடும்பத் தொடர், வாரப் பத்திரிகைக்கு ஒரு பேய்க் கதை என்று ஒரே சமயத்தில் மூன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் மூன்று புனைபெயர். முதலாளிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்பதால் அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஒருமுறை குடும்பத் தொடரில் மாமியார் மருமகளைப் பார்த்து, "அசையாதே, கையை மேலே தூக்கு" என்றாள். நல்லவேளை, தபாலில் போடுமுன் கண்டுபிடித்துவிட்டேன்.

தெரியாததை எழுதக் கூடாது என்று ஒரு திமிர் வேறு. மருந்துக்கடை அண்ணாச்சியிடம், வயசான பெண்மணிக்குக் காப்பியில் எதைக் கலந்தால் ருசி தெரியாது என்று கேட்டேன். வக்கீல் குமாஸ்தாவிடம், மூத்த தாரத்துக்குத் தெரியாமல் இன்னொன்று கட்டினால் வீடு யாருக்கு என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் மயானக் காவல்காரரோடு போய் உட்கார்ந்திருந்தேன் (பகல் பதினொரு மணிக்கு. பேய்க் கதை எழுதுகிறவனுக்குப் பேய் பயம் இருக்கக் கூடாது என்று சட்டமா?). எதற்கு என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் டீச்சர். கேசரித் தட்டை நீட்டியபோது, "இனிப்பு கூடிப் போச்சு, பைய சாப்பிடுங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் என் மூன்று கதாநாயகிகளும் காலி. கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஜாதகமும் பொருந்தியது. விசாரிப்பு மட்டும் பாக்கி.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் தகப்பனார் பஸ்ஸில் வந்து இறங்கி, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் கடை கடையாக ஏறி விசாரிப்பார். இவரும் ஏறினார். பையன் தங்கம், ஆனால் அவன் அம்மையைக் கொஞ்சம் சூதானமாக இருக்கச் சொல்லுங்கள் என்றாராம் மருந்துக்கடை அண்ணாச்சி. மூத்த தாரம் எந்த ஊர் என்று தனக்குத் தெரியாது என்று குமாஸ்தா நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். மயானக் காவல்காரர்தான் வாயாரப் புகழ்ந்தவர்: மழை பெய்தாலும் தம்பி வெள்ளிக்கிழமை வராமல் இருந்ததில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பனார் தன் மைத்துனரோடு வீட்டுக்கு வந்தார். பூவும் இல்லை, பழமும் இல்லை. அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. உடம்புக்குச் சுகம்தானா என்று அம்மாவிடம் மூன்று தரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூத்தவுக எந்த ஊரு, தம்பி?"

எந்த மூத்தவுக என்று கேட்டேன். கேள்விப்பட்டதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஓடி மூன்று நோட்டுகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அத்தனையும் கதை, நான் கதை எழுதுகிறவன் என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். விஷம் வைக்கும் இடத்தில் தலையாட்டினார். பேய் நோட்டைப் பிரித்ததும் மைத்துனரும் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டார். பிழைத்தோம் என்று நினைத்தேன். அவர் மூன்றையும் அடுக்கி என் கையிலேயே கொடுத்தார்.

"ரெண்டு குடும்பம்னாக்கூட நாலு பெரியவுகளை வச்சுப் பேசித் தீத்துக்கிடலாம்னுதான் வந்தேன். கதை எழுதுதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?"

"கொலைகாரன்னா குடுப்பீகளா?" என்று கேட்டேன்.

"அது எதுக்காகச் செஞ்சான்னு விசாரிக்கணும்" என்றார்.

கிளம்பும்போது மைத்துனர் மட்டும் பின்தங்கி, பேய்க் கதையில் கிணற்றில் விழுந்த அந்தப் பெண் திரும்பி வருவாளா என்று ரகசியமாகக் கேட்டார். சொல்லவில்லை. (இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.)

நேரே மருந்துக்கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "கதைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. ஒன் அம்மையைப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் படபடன்னு வரும்லே" என்றார் அண்ணாச்சி, பாவமாக. அந்தக் குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து முக்கூடலிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தபோது, அவர் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சியே கடையை விட்டு இறங்கிப் போய் முந்திக்கொண்டார்.

"பையன் கதை எழுதுதான். அதைத் தவிர வேற எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது."

முக்கூடல்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். என் மூன்று கதைகளும் அச்சில் வந்தன. அதற்குப் பிறகும் எத்தனையோ வந்தன. என்ன பிரயோசனம்? மாமனார் வீட்டு விசேஷங்களில், மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று யாராவது கேட்டால், "ரைஸ் மில்லுல இருக்காரு" என்று அவர் பேச்சை மாற்றிவிடுகிறார். என் மனைவி விடுவாளா? பந்திக்கே கேட்கும்படி சொல்வாள்:

"கதையும் எழுதுதாக. தெரிஞ்சுதான் கெட்டிக்கிட்டேன்."