தவறு நடந்தது, தீங்கு நடக்கவில்லை

உலகத்தில் நீதி என்று ஏதாவது மிச்சமிருக்கிறதென்றால், அது எங்கள் ஜஸ்டிஸ் பத்மநாபன் ஐயாவின் நாற்காலியில்தான் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. டெக்சஸில் எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் இதை முழுப் பொறுப்போடு அறிவிக்கிறேன்.

மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்த நாள் முதல் ஐயா ஒரு கீழ்க்கோர்ட் தீர்ப்பைக்கூடப் புரட்டியதில்லை. புரட்டினால் கீழே இருக்கும் நீதிபதியின் மனசு நோகுமே! அதற்காகத் தவறை மூடி மறைப்பவரும் அல்ல. "தவறு நடந்தது, ஆனால் தீங்கில்லாத தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். சட்டத்தில் அப்படியொரு வசதி உண்டு. இங்கே நீதிபதி பதவிக்கும் தேர்தல்தான். யாரையும் பகைத்துக்கொள்ளாதவருக்கு ஓட்டு விழாமல் எங்கே போகும்? மூன்றாம் முறையாக ஜெயித்தார். பாராட்டு விழா எடுத்து, 'தமிழ்க் காவலர்' பட்டம் கொடுப்பதென்று மன்றத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

விழாவுக்கு முந்தின வாரம் ரிச்சர்ட்சனில், மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பவளம் என்ற பெண் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, ஜட்ஜ் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும். விழாவுல வுடுவீங்களா?"

"ப்ரோக்ராம் ரொம்ப டைட்டா இருக்கேம்மா" என்றேன்.

அவள் வழக்கு எனக்குத் தெரியும். விவாகரத்து. ஆறு வயது மகள் தென்றல் யாரிடம் வளர்வது என்று கீழ்க்கோர்ட்டில் விசாரணை. பவளத்துக்கு இங்கிலீஷ் வராது. கோர்ட் ஆபீஸில் ஒரு புண்ணியவான் 'மொழி: இந்தியன்' என்று பதிந்துவைக்க, தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றார். தங்கமான மனிதர். தெலுங்கில் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் புரியலீங்க, தமிழ் தெரிஞ்சவங்களக் கூப்புடுங்க, பாப்பாவ எங்கூட வுடுங்க" என்று இவள் கதறினாள். "இவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை" என்று அவரும் உள்ளதைச் சொன்னார். கோர்ட் பதிவில் 'அயல்மொழியில் பேசினார்' என்று ஏறியது. குழந்தை அப்பாவிடம் போயிற்று. அம்மாவுக்கு மாதத்தில் இரண்டு சனி-ஞாயிறு மட்டும்.

மேல்முறையீடு ஐயா உட்பட மூன்று நீதிபதிகள் முன் வந்தது. பவளத்தின் வக்கீல், கீழ்க்கோர்ட்டில் அவள் கதறிய ஒலிப்பதிவைக் கோர்ட்டிலேயே போட்டுக் காட்டினார். ஐயா தீர்ப்பு எழுதினார்: தமிழுக்குப் பதில் தெலுங்கு வந்தது தவறு, தீங்கில்லை. தவிர, மொழிபெயர்ப்பாளர் சரியில்லை என்று பவளம் அப்போதே ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தாள் சார். தமிழில் ஆட்சேபித்துத் தொலைத்தாள்!

விழாவில் ஐயா அரைமணி நேரம் முழங்கினார். ஒரு இங்கிலீஷ் சொல் கலக்கவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் கடைசி வரிசையில் பவளம் எழுந்துவிட்டாள்.

"ஐயா, நான் பேசறது புரியுதுங்களா?"

ஐயா முகம் மலர்ந்தது. "பேஷா புரியுதும்மா! காங்கேயம் பக்கமா? அந்தப் பேச்சக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

"டேப்புல பேசினது நாந்தானுங்க. பாப்பாவ எங்கூட வுடுங்கன்னு அழுதனே."

ஹாலில் சமோசா கடிக்கும் சத்தம் நின்றது.

"கேட்டேம்மா. மனசுக்குக் கஷ்டமாதான் இருந்துது. ஆனா பெஞ்சுல ஏறிட்டா எனக்குத் தமிழ் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கக் கூடாது. ரெக்கார்ட்ல அயல்மொழின்னு இருக்கு. நான் ரெக்கார்டத் தாண்ட முடியாது."

"அப்ப பாப்பா?"

"அடுத்த ஹியரிங்ல நல்ல இன்டர்ப்ரெட்டரா கேட்டு வாங்கிக்கோ."

"அடுத்தது வேண்டாம்னு நீங்கதானுங்களே எழுதிப் போட்டீங்க?"

"ஷால், ஷால்!" என்று மன்றத் தலைவி ருக்மிணி ஆன்ட்டி என் காதில் சீறினார். ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினேன். போட்டோவுக்குச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பவளத்தின் நாற்காலி காலியாக இருந்தது.

ஐயாவின் நடுநிலைமையை இனி ஒருவரும் சந்தேகிக்கக் கூடாது. அந்த ஒலிப்பதிவைக் கேட்ட மூன்று பேரில் ஒரு வெள்ளைக்கார நீதிபதி, ஒரு சொல்லும் புரியாமலேயே, "இந்தப் பெண் ஏதோ முக்கியமாகச் சொல்கிறாள், மறுவிசாரணை வேண்டும்" என்று எழுதினார். இன்னொருவர், அவருக்கும் புரியவில்லை, வேண்டாம் என்றார். அவள் சொன்னது அத்தனையும் புரிந்த ஒருவரின் ஓட்டுதான் பாக்கியிருந்தது.