தும்மலை விழுங்கிய அப்பா

"அப்பா, மீனுக்குத் தும்மல் வந்தா என்ன பண்ணும்?"

ஐந்து வயதில் மகள் கேட்டது. "மேல வந்து தும்மிட்டுப் போகும்" என்று அன்று சமாளித்த பஸ் டிரைவர், ஐந்து வருடம் கழித்து, முதுகில் காற்று சிலிண்டருடன் நீச்சல் குளத்தின் ஓரம் உட்கார்ந்து ஒரு தும்மலை விழுங்கிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு அன்று ஸ்கூபா வகுப்பின் கடைசிப் பரீட்சை. தேறினால் கடலுக்கு அழைத்துப்போவார்கள். பத்து வயதுப் பிள்ளை, அப்பாவையோ அம்மாவையோ ஜோடி சேர்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது விதி. சளி பிடித்தவர் இறங்கவே கூடாது, செவிப்பறை கிழிந்துவிடும் என்பது இன்னொரு விதி. முதல் விதிக்காக இரண்டாவதை மறைப்பது பாவமில்லை என்று அவர் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

"மூக்கு ஏன்ப்பா சிவந்திருக்கு?"

"வெயில்மா."

"கூரை போட்ட குளம்ப்பா இது."

மூக்கை மறைக்க முகக்கண்ணாடியை மாட்டினார். 'கடவுளே, அரை மணி நேரம் மட்டும்' என்று வேண்டி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. கண்ணாடிக்குள் நடந்ததைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். கழற்றியபோது கண்ணில் நீர் வழிந்தது.

சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் அம்மாள் பார்த்துவிட்டார். "என்ன சார், அழறீங்களா?"

"ஆனந்தக் கண்ணீர்மா. பிள்ளை வளர்ந்துட்டா இல்ல."

வகுப்பு நடத்தும் மாஸ்டர் வந்து தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. சின்னப் பசங்களே இறங்குறாங்க."

பயமில்லை என்று காட்ட விறைப்பாக எழுந்தவர், சிலிண்டர் பாரத்தில் மல்லாந்து விழுந்தார். மூன்று பேர் தூக்கி நிறுத்தினார்கள். மூன்று பேர் முகத்திலும் ஒரே தும்மல்.

"தூசி" என்றார்.

மகள் அவருடைய வார்களை இழுத்துப் பார்த்தாள். காற்றின் அளவைப் படித்தாள். இறங்குமுன் ஜோடியைச் சோதிப்பது அவள் வேலை. கடைசியில் அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"மாஸ்டர், எங்கப்பாவுக்குச் சளி. நாங்க இறங்கல."

"வாயை மூடு கண்ணு" என்று அப்பா பதறினார். "இதை விட்டா ஆறு மாசம் காத்திருக்கணும்."

"காது கிழிஞ்சா ஆறு மாசத்துல முளைச்சிடுமா?"

உதட்டைக் கடித்துக்கொண்டு காலில் மாட்டிய துடுப்புகளைக் கழற்றினாள். மற்ற ஜோடிகள் தண்ணீருக்குள் மறைவதைப் பார்க்காமல் உடை மாற்றப் போய்விட்டாள்.

டிரைவர் அந்த அம்மாளிடம் போய் நின்றார். "தப்பு என்னோடதும்மா. குழந்தையை ஃபெயில் பண்ணிட வேணாம்னு மாஸ்டர்கிட்ட சொல்லுங்க."

அம்மாள் அவர் கையில் ஒரு டம்ளர் வெந்நீரைக் கொடுத்தார்.

"வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே நாலு தும்மல் போட்டீங்க சார், அப்பவே உங்களை உட்கார வெச்சிருப்போம். தண்ணிக்குள்ள பாப்பா கெட்டிக்காரின்னு போன வாரமே தெரிஞ்சுபோச்சு, 'வேணாம்'னு சொல்லத் தெரியுதான்னு பார்க்கத்தான் மாஸ்டர் பொறுத்திருந்தார். அவ பாஸ், நீங்கதான் ஃபெயில்."