மாடி ரூமுக்கு ஒரு மாத விசா

என் வீட்டுக்கு ஒரு சட்டம் போடுவது என்று ஆனிக் கடைசியில் ஒரு நாள் காலை, பல் விளக்கும்போது முடிவு செய்தேன். நாட்டில் யார் யாரோ சட்டம் போடுகிறார்கள். தாலி கட்டியவன், வீட்டு வரி கட்டுகிறவன், கேபிளுக்கும் கட்டுகிறவன், ஒரே ஒரு சட்டம் போடக் கூடாதா? வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். துப்பியதிலேயே ஒரு வீரம் தெரிந்தது.

சட்டம் என் மாமனாருக்காக.

மாமனார் ஒச்சப்பன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பூப்பாறையில் இருக்கிறவர். ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். மகன் செழியனோடு வாசம். மலையில் மழை பிடித்துக்கொண்டது, முட்டி குளிர் தாங்கவில்லை, மகள் வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று வைகாசிக் கடைசியில் போடிக்கு இறங்கினார். அவர் சொன்ன ரெண்டு நாள் எந்தக் கிரகத்து நாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூமியில் அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

வந்தவர் கூடத்தில் தங்கியிருந்தால் நான் சட்டம் வரை போயிருக்க மாட்டேன். மாடி ரூமில் தங்கினார். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ரூம் நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது. மேற்கே பெரிய ஜன்னல். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்குகிற காற்று நேரே என் கட்டிலுக்கு வரும். மதியம் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட்டு, அங்கே போய்ச் சாய்ந்தால் சொர்க்கத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் அப்புறம் வா என்பேன். வருஷம் பூராவும் அந்த ரெண்டு மாதத்துக்காகத்தான் நான் உயிர் வாழ்கிறேன். இதைக் காளீஸ்வரியிடம் சொன்னால் கோபிப்பாள் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். காளீஸ்வரி என் மனைவி.

மாமனார் செய்த முதல் காரியம், அந்த ஜன்னலைச் சாத்தியது. அடுத்து ஃபேனை நிறுத்தினார். அதோடு விட்டாரா? போடி வெயிலில் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு, கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, மலையாளச் செய்தியைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வைத்துவிட்டார். நான் கீழே, அடுப்படிக்கு அடுத்த அறையில் வெந்துகொண்டிருந்தேன்.

நேரடியாகப் போகச் சொல்ல முடியுமா? எனக்கு வீட்டில் மூன்று வேளை சாப்பாடு வேண்டாமா? அதனால்தான் சட்டம். நான் துபாயில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருப்பவன். விசா விஷயம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. காளீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்படியும் அழப்போகிறவள்தான், இதுவே நேரம் என்று ஆரம்பித்தேன்.

"துபாய்ல எல்லாம் எவ்வளவு ஒழுங்கு தெரியுமா?"

"என்ன, ஊர்ல இல்லாத ஒழுங்கு?"

"வெளியாளு வந்தா விசிட் விசா. ஒரு மாசம். மாசம் முடிஞ்சா மாமனாருன்னாலும் சரி, மச்சினன்னாலும் சரி, எல்லையத் தாண்டிரணும்."

"மாமனாருன்னு எடுத்ததும் ஏன் வருது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எங்கய்யா வந்து ஒரு மாசம் ஆச்சுங்கிறீக. அதான?"

ஒரு வெங்காயம் உரிபடும் நேரத்தில் என் வெளியுறவுக் கொள்கை முழுவதையும் உரித்துவிட்டாள். சமாளித்தேன்.

"நம்ம வீட்டுக்கும் ஒரு முறை வேணும்ல? மாநிலத்துக்கு மாநிலம் எல்லை இருக்கு. அந்தப் பக்கத்துல இருந்து வர்றவுகளுக்கு ஒரு மாசம். யாரா இருந்தாலும் ஒரு மாசம். அதுக்கப்புறம் எல்லைக்கு அங்கிட்டு."

அவள் சண்டைக்கு வருவாள் என்று மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் வீணாகப் போயின. அவள் நிதானமாகக் கேட்டாள்.

"நீங்களுந்தான் அங்க விசிட் விசாவுல போனீக? மாசம் முடிஞ்சதும் நம்மூருக்கா வந்தீக?"

இங்கேதான் எனக்குச் சனி நாக்கில் உட்கார்ந்தது. என் சாமர்த்தியத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"நானா? கெட்டிக்காரன்ல? பஸ்சு ஏறினேன். ஓமன் எல்லைக்குப் போனேன். முத்திரை குத்தினான். ஒரு டீயக் குடிச்சேன், திரும்பி வந்துட்டேன். புது விசா! எத்தனை தடவ அப்படிப் போயிருக்கேன்!"

"அங்க தங்க வேணாமா?"

"எதுக்குத் தங்கணும்? எல்லையத் தாண்டினமா, தாண்டினோம். அவ்வளவுதான் சட்டம்."

"நல்ல சட்டமாத்தான் இருக்கு" என்றாள் காளீஸ்வரி. "நாளைக்கே எங்கய்யாவ ஜீப்புல ஏத்தி விடுறேன்."

எனக்கு வெங்காயம் உரிக்காமலே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடியும்போது எங்கள் தெருமுனையில் டிரைவர் ராஜ்கமலின் ஜீப் நின்றது. போடியில் விடிகாலை ஜீப் என்றால் சும்மா இல்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச் சட்டியோடு ஏறி, மலைக்கு மேலே கேரளாவில் வேலை பார்த்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ராஜ்கமலே எண்ணிப் பார்த்ததில்லை. மாமனார் குல்லாவோடு முன் சீட்டில் ஏறினார்.

"வரட்டா மாப்ளே" என்றார்.

"போயிட்டு வாங்க மாமா" என்றேன். பழக்கதோஷம். 'வாங்க'வை விழுங்கியிருக்கலாம்.

அன்று கடைக்குப் பாதி நாள் லீவு விட்டேன். ஜன்னலைத் திறந்தேன். காற்று என்னைப் பார்த்ததும் ஓடி வந்தது. காத்திருந்திருக்கிறது, பாவம். கட்டிலில் குறுக்கே படுத்தேன், நெடுக்கே படுத்தேன், காரணமே இல்லாமல் சிரித்தேன். பிறகு தூங்கிப்போனேன்.

சாயங்காலம் கண் விழித்தபோது ரூம் வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் நின்றிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மங்கி குல்லா.

"செத்தத் தள்ளிப் படுங்க மாப்ளே" என்றார் மாமனார். "மலை ஏறி எறங்கினது இடுப்பு வலிக்கி."

படிகளில் காலே வைக்காமல் கீழே வந்தேன். காளீஸ்வரி வாழைக்காய் சிப்ஸ் கொறித்துக்கொண்டிருந்தாள். கேரளா சிப்ஸ். சாட்சிக்குச் சாட்சி.

"என்னடி இது?"

"எங்கய்யா எல்லையத் தாண்டிட்டாரு. மெட்டுல செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டுப் போயி ஒரு கட்டன் சாயா குடிச்சாரு. எறங்கிட்டாரு. புது விசா."

"அது... துபாய் வேற!"

"சட்டம் வேறயா? நீங்கதான் சொன்னீக, தாண்டினமா தாண்டினோம்னு. வேணும்னா செல்லத்தாயக் கேளுங்க. ஜீப்புல கூட இருந்துச்சு."

செல்லத்தாய் எதிர்வீட்டுப் பெண், தோட்ட வேலைக்குப் போகிறவள். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லையத் தாண்டினா விசாவாண்ணே? அப்ப நாங்க தெனமும் வாங்குறமே. எங்க வச்சுக்கிறது அத்தனையும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் எல்லையை வைத்து ஆளை மிரட்டலாம். பாதித் தெரு காலையில் எல்லையைத் தாண்டிப் போய், சாயங்காலம் வந்து உலை வைக்கிற ஊரில் மிரட்ட முடியாது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது தோன்றாமல் போனதுதான் துபாய் செய்த கெடுதல்.

அந்த ஆடி மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் வியர்க்கும். மேலே என் காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. மாமனார், "யாரோ கதவத் தட்டுறாக, பாரு மோளே" என்று மகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் கீழே சட்டத் திருத்தம் யோசித்தேன்.

மாதக் கடைசியில் அறிவித்தேன்.

"காளீஸ்வரி, சட்டத்த மாத்திட்டேன். அங்க ஒரு ராத்திரி தங்கணும். தங்கினாத்தான் போனதாக் கணக்கு. தங்கலைன்னா போகவே இல்லைன்னு அர்த்தம்."

"அப்படியா?"

"அப்படித்தான். நானே கூடப் போயி உங்க தம்பி வீட்டுல விட்டுட்டு வருவேன். ஜீப்ப நம்பி விட மாட்டேன்."

என் திட்டம் இதுதான்: ஒரு ராத்திரி பழைய வீட்டில் தூங்கினால் மனிதருக்குப் பேரப் பிள்ளைகள் பாசம் வந்துவிடும். மழையும் விட ஆரம்பித்துவிட்டது. அங்கேயே தங்கிவிடுவார். ரூம் எனக்கு. காளீஸ்வரி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். "வெரசாக் கெளம்புங்க, சீட்டுப் போயிரும்" என்று எனக்கு ஒரு ஸ்வெட்டர் வேறு எடுத்துக் கொடுத்தாள். இப்படிப்பட்ட மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மலையடிவாரத்து முந்தல் தாண்டும் வரை நெகிழ்ந்துகொண்டே போனேன். அதற்குமேல் கொண்டை ஊசி வளைவுகள். நெகிழ்ச்சி போய்க் குமட்டல் வந்துவிட்டது.

பூப்பாறையில் மச்சினன் செழியன் வாசலிலேயே நின்றான்.

"வாங்கத்தான். அக்கா போன் பண்ணுச்சு. கப்பையும் மீன் கொழம்பும் வச்சிருக்கு."

மரவள்ளிக் கிழங்கைத்தான் அங்கே கப்பை என்பார்கள். மூன்று தட்டு சாப்பிட்டேன். வெளியே மஞ்சு இறங்கி, எதிரே இருந்த ஏலக்காய்ச் செடி தெரியவில்லை. செழியன் ஒரு புதுக் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டான்.

"செத்தக் கண்ணசருங்கத்தான். அய்யா எங்க போயிரப் போறாரு?"

இரண்டு மாதமாக ஒழுங்காகத் தூங்காதவன் நான். குளிர், கம்பளி, வயிற்றில் கிழங்கு. மாமனார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரில் ஒருவர் கண்ணை மூடினோம்.

எழுந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். நாற்காலி காலி.

"மாமா எங்கடா?"

"அய்யாவா? அவரு நாலு மணி ஜீப்புல எறங்கிட்டாரேத்தான். ராஜ்கமல் வந்து ஆரன் அடிச்சான். அக்கா முந்தாநாளே சீட்டு சொல்லி வச்சிருந்துச்சாம்."

"என்னை எழுப்ப வேண்டியதுதானே?"

"அசந்து தூங்குறீக. பாவமா இருந்துச்சு."

காளீஸ்வரிக்குப் போன் போட்டேன். பின்னால் மலையாளச் செய்தி கேட்டது.

"உங்கய்யா ராத்திரி தங்கலை! சட்டப்படி செல்லாது!"

"செல்லாதுதான்" என்றாள். "அவரு தங்கலை. அதனால போகவே இல்லை. நீங்க சொன்னதுதான?"

"அப்ப கெடு முடிஞ்சும் இருக்காரே!"

"அவரக் கூட்டிட்டுப் போயி விடுறது உங்க பொறுப்பு. ஆபீசரு தூங்கிட்டா ஆளு என்ன பண்ணுவாரு? இப்பக் கீழ எறங்க வண்டி இல்லை. கம்பளியப் போத்திட்டு நல்லாத் தூங்குங்க. காலையில கப்பை மிச்சம் இருந்தாக் கொண்டாங்க."

மறுநாள் செழியன் தோட்டத்தில் கொஞ்சம் கை கொடுக்கச் சொன்னான். ஓசிச் சோறு தின்றவன் எப்படி மறுப்பது? சாயங்காலம்தான் விட்டான். ராஜ்கமல் ஜீப்பில் தூக்குச் சட்டிகளுக்கு நடுவே என்னையும் ஒரு சட்டியாக வைத்துக் கொண்டுவந்தார்கள். செல்லத்தாய் பதினேழு வளைவுக்கும் சிரித்தாள்.

வீட்டு வாசலில் காளீஸ்வரி கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க இருந்து வர்றீக?"

"வெளையாடாத. இடுப்பு ஒடியுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்க இருந்து?"

"...பூப்பாறை."

"ராத்திரி தங்குனீகளா?"

"தங்குனேன்."

"அப்ப போனதாக் கணக்கு. போனவுக வந்தா விசிட்டு. ஒரு மாசம் இருக்கலாம்."

"அடியே, இது என் வீடு!"

"யாரா இருந்தாலும் ஒரு மாசம்னு போட்டது யாரு? நானா? கைகால் கழுவிட்டு உள்ள வாங்க. கூடத்துல பாய் விரிச்சிருக்கேன்."

மாடியைப் பார்த்தேன். ஜன்னல் இறுக்கச் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆரு மோளே, விருந்தாளியா? கட்டன் போட்டுக் குடு."

ஆவணி முடியப் போகிறது; ராஜ்கமலிடம் எனக்கு ஒரு முன் சீட்டு சொல்லி வைத்திருக்கிறேன்.