மேனேஜர் லைனில் இருக்கிறார்

"முதல்ல மேனேஜர்கிட்ட குடுங்க!" என்று போனில் ஒரு பெண் கத்தினாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் புகார் சார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு அடித்தொண்டையிலிருந்து, "மேனேஜர் பேசுறேன்," என்றார்.

அந்த வாஷிங் மெஷின் கடையில் மேனேஜர் கிடையாது. இன்ஜினியரும் கிடையாது. புகார் கேட்க இருந்தது அவர் ஒருவர்தான். அதனாலேயே கடையில் எல்லோருக்கும் அவர் 'புகார் சார்'. "குரலை மாத்தி மாத்திப் பேசுய்யா. அலுத்துப்போய் அவங்களே விட்டுடுவாங்க," என்பது முதலாளியின் உத்தரவு. மகளின் படிப்பை நினைத்து அவரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷ வாரண்டின்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாத குறையா வித்தீங்களே! ஒரு வருஷம்கூட ஆகல, மோட்டார் போயிடுச்சு."

"வாரண்டி மூடிக்கு மட்டும்தாம்மா."

"மூடிய வச்சுக்கிட்டு நான் துணி துவைக்கிறதா?"

நியாயமான கேள்வி. "இருங்க, இன்ஜினியர்கிட்ட குடுக்கிறேன்," என்று மேனேஜர் நழுவினார்.

இன்ஜினியர் மூக்கால் பேசுபவர். "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லம்மா."

"அதைத்தான் நாங்க குடிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!" அவள் குரல் திடீரென்று தணிந்தது. "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க சார். அத்தனை துணியையும் கையாலதான் துவைக்கிறேன். தோல் உரியுது."

புகார் சாருக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு நானே வந்து பாக்குறேன்," என்று இன்ஜினியர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

இல்லாத இன்ஜினியர் எப்படிப் போவார்? மறுநாள் அவள் கணவன் கூப்பிட்டான். இருமிக்கொண்டே திட்டினான்.

"எங்கய்யா உங்க இன்ஜினியர்?"

"அவருக்குக் காய்ச்சல் சார்," என்றார் புகார் சார், தன் சொந்தக் குரலில்.

"மேனேஜர்?"

"அவரைப் பாக்கத்தான் போயிருக்கார்."

"ஓகோ! என் மச்சான் வக்கீல். இனிமே அவன் பேசுவான்."

சாயங்காலமே வக்கீல் பேசினார். கரகரத்த குரல். "மூணு பேரையும் ஸ்பீக்கர்ல வரச் சொல்லுங்க. மூணு பேர் மேலயும் கேஸ்."

மூவரும் வந்தார்கள். பதற்றத்தில் மேனேஜர் மூக்கால் பேசினார். இன்ஜினியர் அடித்தொண்டையில் மன்னிப்புக் கேட்டார்.

"கோர்ட்ல பாக்கலாம்," என்றது கரகரப்பு.

புகார் சார் முதலாளியிடம் ஓடினார்.

"வக்கீலா?" முதலாளியின் முகம் வெளுத்தது. "புது மெஷின் ஒண்ணை ஏத்திக்கிட்டு உடனே போய்யா! கால்ல விழுந்தாவது முடிச்சிட்டு வா."

கதவைத் திறந்தவளின் கைகள் சோப்பில் ஊறிச் சிவந்திருந்தன. உள்ளே கட்டிலில் அவள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பழைய மெஷினை நகர்த்தி, புதியதற்கு அவரே குழாய் மாட்டினார். முதல் துணி சுழன்றதும் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"தப்பு எங்க மேலதாம்மா. உங்க வீட்டுக்காரரையும் வக்கீல் சாரையும் கொஞ்சம் கூப்பிடுங்க. நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுறேன்."

அவள் சிரித்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் நான்தான் சார். நீங்க மூணு பேரா பேசும்போது, நான் தனியாளா நின்னா எடுபடுமா?"