தொடாத, பாத்துக்கோ

உங்களுக்கு ஒன்றைக் கற்றுத்தருவதாகச் சொல்லிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கடைசிவரை அதைத் தாமே செய்து முடித்துவிடும் ஓர் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்கள் என்ன, பார்த்துக்கொண்டேதான் நின்றிருப்பீர்கள். வேறெதற்கும் அவர்கள் விடுவதில்லை. நீச்சல் சொல்லித்தருகிறேன் என்று கரையில் உட்காரவைத்துவிட்டு, தாம் ஆனந்தமாகக் குளித்துவிட்டு வருவார்கள். பாத்துக்கோகாரர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர், தண்ணீர் பம்ப் செய்யும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தார். அவரிடம் பயிற்சிக்கு வந்தாள் பாலிடெக்னிக் கடைசி வருஷப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டறை அவளை 'டிப்ளமா' என்றே கூப்பிட்டது.

கல்லூரியில் இருந்தது, இரும்பு கடையும் லேத் ஒன்றே ஒன்று. வகுப்பு மொத்தமும் அதைச் சுற்றி நின்று தரிசனம் செய்யும். "கம்பெனிக்குப் போனா கத்துக்குவீங்க" என்பார் ஆசிரியர். போனவர்களிடம் கம்பெனி கேட்கும்: "இதெல்லாம் காலேஜ்லயே கத்துக்கலையா?" பிள்ளைகள் நடுவில் பந்தாக உருள்வதைக் கண்டு அரசாங்கம் மனமிரங்கி, படிப்பையும் வேலையையும் முடிச்சுப்போட ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடைசி ஆறு மாதம் பட்டறையில். உதவித்தொகையில் பாதி அரசு தரும். முடிவில் ஓர் அலுவலர் வந்து, மாணவியை மெஷின் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். ஓட்டினால் தேர்ச்சி, இங்கேயே வேலை என்று முதலாளியும் சொல்லியிருந்தார். ஓட்டாவிட்டால் ஆறு மாதமும் தண்ணீரில் எழுதியதுதான்.

திட்டத்தின் பெயர் 'செய்து கற்போம்'. அந்தப் பதாகை ஃபோர்மேனின் தலைக்கு நேர் மேலே தொங்கியது. அதன் கீழே நின்றுகொண்டுதான் அவர் தினமும் சொல்வார்:

"தொடாத. பாத்துக்கோ."

கெட்டவர் அல்ல. டீ வந்தால் முதல் கோப்பை அவளுக்குத்தான். ஆனால் லேத்தின் கைப்பிடியை இன்னொரு கை தொடுவதைக் கண்டால், தம் பிள்ளையை அந்நியர் கிள்ளியதுபோல அவர் முகம் சுருங்கிவிடும். "இப்ப கவனி" என்று மெஷின்மேல் குனிவார். குனிந்ததும் அவருடைய பரந்த முதுகு மெஷினை மறைத்துவிடும். "புரிஞ்சுதா?" என்று முதுகு கேட்கும். "புரிஞ்சுதுண்ணே" என்பாள் டிப்ளமா. என்ன புரிந்தது? அண்ணன் சட்டையில் எந்தத் தையல் பிரிந்திருக்கிறது என்று புரிந்தது.

மெஷின் நின்றபின் துடைக்க மட்டும் அவளுக்கு அனுமதி. துடைக்கிற சாக்கில் கைப்பிடிகளை மெல்லத் திருகிப் பழகுவாள். வீட்டிலும் அடுப்புக் குமிழைத் திருகிக்கொண்டே நிற்பாள்.

"என்னடி, அடுப்புக்குச் சாவி குடுக்குறியா?" என்பாள் அம்மா. "மெஷினை இன்னிக்காவது ஓட்டுனியா?"

"இல்லம்மா. பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஆறு மாசமா ஒரே படத்தைப் பாக்குற. நல்லவேளை, டிக்கெட் இல்ல."

அலுவலர் வரும் நாளும் வந்தது. ஃபோர்மேன் பம்ப் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். கடைசி இழை சீவவேண்டியது பாக்கி. வாசலில் கார் சத்தம் கேட்டது. அவர் பதறி மெஷினை நிறுத்தி, தலையைக் கோதிக்கொண்டு ஓடினார். ஓடும்போது வாய், பழக்கதோஷத்தில், தானாக ஒரு வார்த்தையை உதிர்த்தது.

"பாத்துக்கோ."

நம் மொழியில் இந்த வார்த்தை செய்யும் விஷமத்தை யோசித்துப்பாருங்கள். சும்மா நின்று வேடிக்கை பார் என்பதற்கும் அதுதான், ஜாக்கிரதை என்பதற்கும் அதுதான், இனி இது உன் பொறுப்பு என்பதற்கும் அதேதான். அண்ணன் எதைச் சொன்னார் என்று டிப்ளமாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் அவள் மூன்றாவது பொருளை எடுத்துக்கொண்டாள்.

தொப்பியை இறுக்கி, மெஷினைப் போட்டாள். முதல் திருகலில் அவசரப்பட்டுவிட்டாள். தண்டு கிறீச்சென்று அலறியது. பயந்து கையை எடுத்தாள். பிறகு அடுப்புக் குமிழை நினைத்துக்கொண்டு மெல்ல, மெல்லத் திருகினாள். பளபளவென்று ஒரு சுருள் உரிந்து வந்தது.

அலுவலரோடு உள்ளே வந்த ஃபோர்மேன், அந்தச் சுருளைப் பார்த்தார்.

"யார் உன்னை ஓட்டச் சொன்னது?" என்றார் அலுவலர் அம்மாள்.

"அண்ணன்தான் மேடம். பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனாரு."

அலுவலர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஃபோர்மேன் என்ன சொல்வார்? நான் சொன்ன பாத்துக்கோ வேறு என்றால், ஆறு மாதமாக அவளை வேடிக்கை பார்க்கத்தான் விட்டேன் என்று ஆகிவிடும்.

"ஆமா மேடம்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான்... எப்பவும் அதைத்தான் சொல்லுவேன்."

அலுவலர் அளந்து பார்த்தார். "ஒரு மயிரிழை கூடுதலா இருக்கேம்மா."

"கூடினா சீவிக்கலாம் மேடம். குறைஞ்சாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி, சீவு பாப்போம்."

உடனே ஃபோர்மேனின் கை, சொந்தக்காரரிடம் கேட்காமலேயே, கைப்பிடியை நோக்கி நீண்டது.

"அண்ணே" என்றாள் டிப்ளமா, மிகுந்த மரியாதையோடு. "நீங்க பாத்துக்கோங்க."

தேர்ச்சி பெற்றுவிட்டாள். வேலையும் உறுதி. அன்று மாலை, பதாகையின் கீழே எடுத்த அவள் படத்தைச் சித்திக்கு அனுப்ப ஆசைப்பட்டாள் அம்மா.

"இதை எப்படி அனுப்புறதுன்னு எனக்குச் சொல்லிக்குடேன்."

"குடும்மா இப்படி" என்று டிப்ளமா போனைப் பிடுங்கினாள். விரல்கள் படபடவென்று ஓடின. "இதை அமுக்கி, இதைத் தள்ளி... அவ்வளவுதான். போயிருச்சு. பாத்துக்கிட்டியா?"

அம்மா மகளின் முதுகைப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டே இருக்கேன்டி, இந்தப் போன் வாங்குன நாள்லேருந்து."

டிப்ளமாவின் விரல் அப்படியே நின்றது. சித்திக்குப் போன படத்தை அழித்துவிட்டு, போனை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா தேடித் தேடி ஒவ்வொன்றாக அமுக்குவதை, துடிக்கிற தன் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். படம் கடைசியில் சித்திக்குப் போகவில்லை, பால்காரருக்குப் போனது. அவர் வாழ்த்துச் சொன்னார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. இது பிடித்திருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுங்கள். என்ன, 'இரு, நானே வாசிச்சுக் காட்டுறேன்' என்று வாயில் வருகிறதா?

பாத்துக்கோங்க.