காக்கை விரட்டிய காசெட் பற்றி பினாங்கு அக்காவுக்கு

சிங்கப்பூர்,
ஆகஸ்ட் 1987

பாசமும் பயமும் சரிசமமாக வைத்திருக்கும் அல்போன்சம்மாள் அக்காவின் சமூகத்துக்கு, தம்பி சவரிராஜ் பணிவோடு எழுதுவது. மாதாவின் தயவால் நானும் மகள் ஜோனும் சுகம். என் வீட்டுக்காரி பிரிஜட்டும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. காரணம் கீழே வரும். தங்கள் முழங்கால் வலியும் சர்க்கரையும் அடங்கியிருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றிவருகிறோம்.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே சூடு இருப்பது கைக்குத் தெரிந்தது. நமது லாசரஸ் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு அங்கே வந்தவர் தங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, சவரிராஜ் பட்டப்பகலில் தேக்கா சந்தைப் பக்கம் அடுத்தவர் வீட்டு மாடிச் சுவரில் ஆட்டிறைச்சிப் பையோடு உட்கார்ந்திருந்தான், போலீஸ்காரர் வந்து இறக்கினார், மகளும் கூட இருந்தாள் என்று சொன்னதாகவும், நம் அப்பாவின் பேரைக் கூரைமேல் காயப்போட்டுவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அக்கா, லாசரஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பாதியைத்தான் பார்த்தார். மீதியை நான் எழுதுகிறேன், தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

ஜோனுக்கு வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே கூட வேலை பார்க்கிற பெண் ஆயிஷா. இந்த இரண்டு பேரும், இன்னும் இவர்களைப் போல நாலைந்து பைத்தியங்களும் சேர்ந்து சனிக்கிழமை தவறாமல் நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். விண்கலம் ஒன்று பாறைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போகும், இடித்தால் வெடிக்கும், அவ்வளவுதான் விளையாட்டு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விற்றது. இதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். "அப்பா, அது முதல்ல விண்கலமே இல்லப்பா, தொங்காங்!" என்றாள் ஜோன். ஆமாம் அக்கா, நாம் சின்ன வயதில் படகுத்துறையில் பார்த்தோமே, கண் வரைந்த மூக்கோடு அரிசி மூட்டை ஏற்றி வரும் சரக்குப் படகு, அதே தொங்காங். அந்த விளையாட்டை உண்டாக்கியவர் இந்த ஊர்க்காரர், ஆயிஷாவின் தாய்மாமா சாகுல் ஹமீது. முதலில் அவர் செய்தது சிங்கப்பூர் ஆறு, பாலங்கள், ஏறுகிற தண்ணீர், அதில் ஒரு தொங்காங். அதைப் பாட்டுப் பதிகிற சாதாரணக் காசெட்டிலேயே பதிந்து (கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் விளையாட்டைத் திரையில் கொண்டுவருமாம்), மாதிரிக்காகச் சில கடைகளில் கொடுத்திருக்கிறார். வாங்கிய கம்பெனி ஆற்றை எடுத்துவிட்டு ஆகாயத்தைப் போட்டுவிட்டது. அவர் வீட்டில் இருந்த பிரதி, கம்பத்து ஓலைவீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு வீடு மாறியபோது தொலைந்துபோனது. இப்போது ஆற்றில் தொங்காங்கும் இல்லை, காசெட்டும் இல்லை.

இதைத் தேடி இவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. சுங்கை ரோடு சந்தையில் பழைய காசெட்டாக வாங்கிக் குவித்தார்கள். ஒன்றில் யாரோ ஒருத்தர் கல்யாண வாழ்த்துரையை ஒத்திகை பார்க்கிறார், ஒன்றில் ஒரு அம்மாள் யாரையோ விடாமல் ஏசுகிறார், ஒன்றில் முழுக்கக் குறட்டை. பாசிர் ரிஸ் பக்கம் விடுமுறை விடுதி வைத்திருந்த ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய், வாத்து துரத்தி, ஆயிஷா ஒரு செருப்போடு திரும்பி வந்தாள். நான் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். அப்போது எனக்கு விஷயம் விளங்கவில்லை.

விளங்கிய நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. சாகுல் ஹமீதுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது அக்கா. இடது கண் முழுதாக இருட்டு. வலது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் தெரியும், அதிலும் விழித்திரை கிழிந்துகொண்டு வருகிறதாம். திங்கட்கிழமை ஆபரேஷன், டாக்டர் எந்த உறுதியும் தரவில்லை. "மாமா ஒண்ணுமே கேக்கல அங்கிள், அந்தத் தொங்காங்க ஒருவாட்டி பாத்துட்டு உள்ள போனா நல்லாருக்கும்னு மட்டும் சொன்னாங்க" என்று ஆயிஷா சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது வெள்ளிக்கிழமை.

மறுநாள் சனிக்கிழமை மதியம் நானும் ஜோனும் தேக்காவுக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போனோம். வாங்கிக்கொண்டு பின்சந்து வழியாக வருகிறோம், எங்கோ மேலிருந்து ஒரு சத்தம். எப்படிச் சொல்வேன், இரும்புத் தகட்டில் நூறு பூனைகள் நகம் தீட்டினால் எப்படியிருக்கும், அப்படி. நான் காதைப் பொத்தினேன். ஜோன் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா, இது பாட்டு இல்ல. கம்ப்யூட்டர் காசெட்டு. யாரோ அத ஸ்பீக்கர்ல போட்டு ஓட்டுறாங்க." யாருக்குப் பைத்தியம், அதைப் போய்க் கேட்க, என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் தொண்டை கட்டியது போல இழுபட்டு ஆழமாக இறங்கியது. ஜோன் அலறினாள்: "டேப்ப மெஷின் தின்னுது!"

சத்தம் வந்த கடைவீட்டின் கதவில் பூட்டு தொங்கியது. பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுழல் படிக்கட்டு திறந்து கிடந்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் ஏறிவிட்டாள். அக்கா, எனக்கு ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும் என்று தங்களுக்குத் தெரியும். ஆனால் கல்யாணம் ஆகாத பெண் யாரோ வீட்டு மாடிக்கு ஓடுகிறாள், கீழே நின்று வேடிக்கை பார்க்கிற தகப்பனா நான்? பையோடு ஏறினேன். மேலே இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். ஜோன் தாவிவிட்டாள். நான் ஒரு காலைப் போட்டேன். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால், ஓரத்தில் கீழே பார்த்தால் சந்தில் லாரிக் கூரை. அதோடு சரி, உடம்பு மறுத்துவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. "அருள் நிறைந்த மரியே" வரைக்கும்தான் ஞாபகம் வந்தது, மிச்சம் மறந்துவிட்டது.

அந்தப் பக்கம் மாடி முழுக்க மோர்மிளகாயும் வடகமும் காய்கிறது. நடுவில் முக்காலிமேல் ஒரு டேப் ரெக்கார்டர். காக்காய் ஒன்றுகூட இல்லை. ஜோன் மிளகாய்க்கு நடுவே மண்டியிட்டு, மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே குடல் மாதிரிச் சிக்கியிருந்த நாடாவை விரல்நுனியால் எடுக்கிறாள். மூச்சே விடவில்லை அவள். நானும் விடவில்லை. இறைச்சிப் பையிலிருந்து சொட்டுகிறது, அதுவரை எங்கிருந்தனவோ, அதைப் பார்த்துக் காக்காய்கள் என்னை நோக்கி வர ஆரம்பித்தன.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்கார அம்மாள் ரத்தினம்மா தயிர் வாங்கிக்கொண்டு சந்துக்குள் வந்திருக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். தன் வீட்டுச் சுவரில் வழுக்கைத் தலையோடு ஒரு ஆள் குதிரை ஏறியிருக்கிறான், சுற்றிக் காக்காய் பறக்கிறது. "திருடன்! திருடன்!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு சிராங்கூன் ரோடே திரும்பியது. கூட்டம் கூடியது. லாசரஸ் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான். அஸ்மத் என்று ஒரு போலீஸ்காரர், நல்ல மனிதர், மேலே வந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து சிறுபிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி இறக்கினார். "Uncle, what are you doing here ah?" என்றார். நான் ஆட்டிறைச்சிப் பையைத் தூக்கிக் காட்டினேன்.

ரத்தினம்மா வாரியலோடு நின்றார். "ஏம்மா, படிச்ச பொண்ணாட்டம் இருக்க, மிளகா திருடவா மேல ஏறுன?"

ஜோன் எழுந்திருக்கவில்லை. காசெட் அவள் இரண்டு கைக்குள்ளேயும் இருந்தது. "ஆன்ட்டி, இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"பக்கத்துல ரேடியோ கடை வெச்சிருந்தவரு காலி பண்றப்போ பெட்டியோட குடுத்துட்டுப் போனாரு. பாட்டு கேக்கலாம்னு போட்டேன், கர்மம், காது கிழிஞ்சுது. ஆனா அன்னைக்கு ஒரு காக்கா கிட்ட வரல. அதுலேருந்து இதுதான் என் காவக்காரன்."

அக்கா, காசெட் மேல் ஒட்டியிருந்த தாளில் எழுத்து வெளுத்துப் போயிருந்தது. ஆனால் பேனாவில் வரைந்த ஒரு சின்னப் படகு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஜோன் அழுதுவிட்டாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், ஏன் என்று அவருக்கும் தெரியாது. ஜோன் விஷயத்தைச் சொன்னாள், சாகுல் ஹமீது, அவர் கண், திங்கட்கிழமை எல்லாம். ரத்தினம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு காசெட்டைப் பிடுங்கி ரெக்கார்டருக்குள் போட்டு, ரெக்கார்டரை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"என் பெட்டிய நான் யாருக்கும் தர மாட்டேன். குடுத்தது எதுவும் திரும்பி வந்ததில்ல எனக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அவரு பாக்கணும், அவ்வளவுதானே? நானே தூக்கிட்டு வர்றேன். ஆனா என் வடகத்துக்கு யார் காவல்?"

போலீஸ்காரரைப் பார்த்தோம். அவர் டியூட்டி என்றார். வேறு வழியில்லாமல் கீழே கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, ஒரு அவசரம், குடையோடு உடனே வா என்று பிரிஜட்டை வரவழைத்தேன். யாருக்கோ விபத்து என்று நினைத்து ஜெபமாலையோடு ஓடி வந்தவளை மாடியில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் டாக்சி ஏறினோம். அவள் என்னோடு பேசாத காரணம் இதுதான்.

சாகுல் ஹமீது வீட்டில், ஜோன் போனில் சொல்லியிருந்தபடி, ஆயிஷா டிவியோடு கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு உட்கார்ந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டார். மிஞ்சியிருந்த அந்த ஓரத்துப் பார்வையில் பிடிப்பதற்காக. காசெட் ஓடியது. திரையில் கோடுகள் ஓடின. கோடு நின்றது. பிழை என்று வந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அதே இடத்தில் பிழை. கசங்கிய நாடா அந்த இடத்தில்தான். ஜோன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. ரத்தினம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, நான்தான் தேச்சுத் தேச்சு ஓட்டிட்டேன், நான்தான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாகுல் ஹமீதுதான் அமைதியாக இருந்தார். "அழுவாதீங்கம்மா. நிறுத்தாம ஓட்டுங்க. நான் எப்பவும் ரெண்டு தடவ பதிவேன். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு."

ஓட்டினார்கள். ஒரு சத்தமும் இல்லை. வெறும் நாடா சுற்றுகிறது. ஆயிஷா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மாதாவிடம் என்னென்னவோ ஒப்புக்கொண்டேன், எழுத்தில் கேட்காதீர்கள். பிறகு அந்தப் பூனைகள் மறுபடியும் நகம் தீட்ட ஆரம்பித்தன. அக்கா, அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் பாடற்குழுவிலும் கேட்டதில்லை. கோடுகள் ஓடின, ஓடின, கசங்கின இடம் வருமோ வருமோ என்று பார்க்கிறோம், வரவில்லை. திரை ஒருதரம் கறுத்து, பிறகு நீலமாகத் தண்ணீர் வந்தது. பாலம் வந்தது. தொங்காங் வந்தது, மூக்கில் கண்ணோடு.

அதன்மேல் ஒரு சின்ன ஆள் நிற்கிறார். நாலைந்து புள்ளிதான், தலையில் வெள்ளைத் தொப்பி. படகு பாலத்துக்கு அடியில் நுழையும்போது அந்த ஆள் சட்டென்று குனிகிறார். தாண்டினதும் நிமிர்கிறார். அடுத்த பாலம், மறுபடி குனிகிறார்.

"வாப்பா" என்றார் சாகுல் ஹமீது, தன் அப்பாவைத்தான். "எங்க வாப்பா தொங்காங்லதான் வேலை பாத்தாங்க. தண்ணி ஏறிட்டா பாலம் தலையில இடிக்கும், இப்படித்தான் குனிவாங்க. கம்பெனில இத எடுக்கச் சொன்னப்போ சரின்னுட்டேன். விண்கலத்துல யாரு குனியப் போறா?" சொல்லிக்கொண்டே விளையாடினார். பாதி பார்த்து, பாதி ஞாபகத்தில். ஒரு பாலத்திலும் இடிக்கவில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் அவர் தலையும் கொஞ்சம் குனிந்தது. எங்கள் தலையும்தான். ரத்தினம்மா மட்டும், "அடப்பாவி, இதுக்குள்ள இவ்வளவு பெரிய ஆறா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இடது கண் வராது. வலது கண் நிலைத்துவிட்டது, விரலைக் காட்டினால் எண்ணிச் சொல்கிறார். நேற்று நான் பார்க்கப் போனபோது, "நீங்கதானே சுவத்துல உக்காந்தவரு" என்று கேட்டுச் சிரித்தார். காசெட்டுக்குப் பிரதி எடுத்தாகிவிட்டது.

ஆகவே அக்கா, இது திருட்டுமில்லை, அவமானமுமில்லை. இத்தோடு இந்தத் தேடல் முடிந்தது என்று ஜோனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளும் சரியென்றாள். இனி சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் தையல் கற்றுக்கொள்வாள், நான் பேப்பர் படிப்பேன். கம்ப்யூட்டர் என்கிற பேச்சே இந்த வீட்டில் எழாது. இனிமேல் நம் குடும்பத்தில் யாரும் எந்தச் சுவரிலும் ஏறப்போவதில்லை, இதை அப்பாவின் கல்லறைமேல் கை வைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும். லாசரஸிடமும் இதைச் சொல்லவும்.

தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஜெபமும். தங்கள் கோபம் தணிந்து, முழங்கால் வலி குறைந்து, நீடூழி வாழ அன்னம்மாள் தங்களைக் காப்பாராக.

என்றும் கீழ்ப்படிந்த தம்பி,
சவரிராஜ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சாகுல் ஹமீது போன் செய்தார். இந்த ஆறு முதல் பாகம்தானாம். கடலுக்குப் போகிற இரண்டாம் பாகம் ஒன்று உண்டாம், அதன் ஒரே காசெட்டைப் பினாங்கில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தது இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். விலாசம் கேட்டு எழுதிக்கொண்டேன். தங்கள் பின்வீடு அக்கா, மாமரத் தகராறில் தாங்கள் பேச்சை நிறுத்தினீர்களே, அதே வீடு. உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு ஓடிப்போய் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்துவிட்டேன், நான், ஜோன், ஆயிஷா, ரத்தினம்மா, நாலு பேர். அதற்குள் தாங்கள் எப்படியாவது அவர்களோடு சமாதானமாகிப் பேச்சுக்கொடுத்து வைத்தால் நல்லது. அது முடியாதென்றால் பரவாயில்லை, ஏணி மட்டும் தயாராக இருக்கட்டும்; நாங்கள் வருவதற்கு முன் தாங்கள் தனியாக ஏற வேண்டாம்.